குறுந்தட்டைப் படியெடுத்த வரலாறு

எண்ணைப் பார்த்து எண்ணை எழுதிக்கொள்ளுவதில் என்ன கடினம் இருக்கிறது? கரும்பலகையில் ஆசிரியர் எழுதிய கணக்கை நான்காம் வகுப்பு மாணவன் தன் நோட்டில் எழுதிக்கொள்ளுகிறான். எழுதி முடித்தபின் ஒருமுறை ஒத்துப் பார்த்தால் சரியா தவறா என்பது தெரிந்துவிடும். ஓவியத்தைப் பார்த்து ஓவியம் வரைவது போன்றதன்று அது. ஓவியம் ஏறக்குறைய ஒத்திருந்தால் போதும் என்று சொல்லலாம். எண்ணில் அவ்வாறு சொல்லுவதற்கில்லை. ஐந்து ஐந்துதான், ஆறு ஆறுதான்.

இசைக் குறுந்தட்டில் பதிந்திருப்பனவும் எண்களே. வெள்ளிபோலப் பளபளக்கும் அத்தட்டில் பாட்டு என்று ஒன்று தனியாக இல்லை. வரிசை வரிசையாக எண்கள்தாம் இருக்கின்றன. ஆகவே, அவ்வெண்களை எடுத்துக் கணினியில் ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுவது எளிய செயலாகவே இருக்கவேண்டும். ஆனால், 1990-களில் இதனைச் செய்ய முற்பட்டவர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். ஒரே தட்டை, ஒரே கணினியில், ஒரே நாளில் இருமுறை படியெடுத்தால், இரண்டு படிகளும் பலமுறை ஒத்திருப்பதில்லை. சில படிகளில் இடையிடையே 'டிக்' என்னும் ஓசை கேட்டது. அதைவிட வியப்பு, அவ்வோசை சிறிதும் கேளாத படிகளிலும் எண்கள் மாறியிருந்ததுதான். எது மெய்யான படி என்று அறுதியிட்டுச் சொல்ல வழியில்லை. இக்குழப்பம் எதனால் வந்தது, எவ்வாறு தீர்ந்தது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

குறுந்தட்டு, ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் கம்பெனியாரும் ஜப்பானிய ஸோனி கம்பெனியாரும் கூடி உருவாக்கியது. 1979 மார்ச்சு மாதத்தில் பிலிப்ஸ் கம்பெனியார் ஐந்தோவன் நகரில் தங்கள் மாதிரிக் கருவியைப் பத்திரிகையாளர்க்கு இயக்கிக் காட்டினர். அவ்வாண்டே இரு கம்பெனிகளின் பொறியியலாரும் ஒருங்கே அமர்ந்து விதிகளை வகுக்கத் தொடங்கினர். பிலிப்ஸ் கருதிய தட்டு 11.5 சென்டிமீட்டர் குறுக்களவுடையது. முடிவில் அது 12 சென்டிமீட்டர் ஆயிற்று. 1980-இல் விதிகள் யாவும் ஒரு நூலாகத் தொகுக்கப்பெற்றன. அட்டையின் நிறங் கருதி அதனைச் 'சிவப்பு நூல்' என்று அழைப்பர். 1982 ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மனியில் ஹானோவர் நகருக்கு அருகிலுள்ள லாங்கன்ஹாகன் ஆலையில் தட்டுகள் அச்சாயின. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் ஜப்பானில் கருவியும் தட்டும் கடைக்கு வந்தன.

ஒலியை எண்ணாக்கும் முறை எளிது. காற்றின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றி, அம்மின்னோட்டத்தை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்ளுகிறார்கள். இவ்வளவை 'மாதிரி' என்பர். ஒவ்வொரு மாதிரியும் 65,536 படிகளுள் ஒன்றாக இருக்கும். இடச் செவிக்கு ஒன்றும் வலச் செவிக்கு ஒன்றுமாக இரண்டு வரிசைகள். மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை உணரும். அதனை எண்ணிற் பிடிக்க அதன் இருமடங்குக்குச் சற்று மேற்பட்ட அளவைகள் வேண்டும். அப்படியானால் 44,000 என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டிருக்கலாமே, அந்த நூறு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். அக்காலத்தில் இவ்வளவு எண்களைச் சேர்த்து வைப்பதற்கு வேறு சாதனமின்றி, தொலைக்காட்சிப் படங்களைப் பதியும் வீடியோ நாடாவையே கையாண்டார்கள். படத்தின் ஒரு கோட்டுக்கு மூன்று மாதிரி. ஒரு படப்பகுதிக்கு 245 கோடு. வினாடிக்கு 60 படப்பகுதி. மூன்றையும் பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். ஐரோப்பிய முறைப்படி 294 கோடும் 50 படப்பகுதியும் கொண்டு பெருக்கினாலும் அதுவே வரும். மறைந்துபோன ஒரு நாடாவின் அடையாளம் இன்றளவும் நம் பாட்டுக்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வெண்கள் தட்டின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கிச் சுருள்வட்டமாக, நுண்ணிய பள்ளங்களாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் அகலத்திற்குள் 625 சுற்றுக்கள் அடங்கும். 74 நிமிடம் ஓடும் தட்டின் சுருளை நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். லேசர் ஒளி அப்பள்ளங்களின் மேல் பட்டுத் திரும்பும்போது உண்டாகும் மாறுதலைக் கொண்டு கருவி எண்களை அறிகிறது. இத்துணை நுண்ணிய எழுத்தின்மேல் ஒரு தூசி விழுந்தால் என்ன ஆகும்? ஒரு கைரேகை பட்டால் என்ன ஆகும்? குறுந்தட்டைச் செய்தவர்களுடைய பேரறிவு விளங்குவது இங்கேதான். பிற்காலத்துக் குழப்பத்திற்கு வித்தும் இங்கேதான் விழுந்தது.

1960-ஆம் ஆண்டில் இர்விங் ரீட், குஸ்டவ் சாலமன் என்னும் இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள் ஐந்து பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓர் எண் வரிசையோடு சில துணை எண்களைக் கணக்கிட்டுச் சேர்த்து அனுப்பினால், வழியில் சில எண்கள் கெட்டுப்போனாலும் எஞ்சியவற்றைக் கொண்டு கெட்டவற்றை மீட்டுவிடலாம் என்பது அதன் கருத்து. சமன்பாடுகள் கொண்டு தெரியாத எண்ணைக் காணும் அல்ஜீப்ராக் கணக்கை நீங்கள் செய்திருப்பீர்கள். அதன் உறவுதான் இது. வெளியானபோது அதனைக் கையாளத்தக்க வேகமுள்ள கருவிகள் இல்லை. பின்னர் வாயேஜர் விண்கலம் யுரேனஸ் கிரகத்தின் படங்களை 1986-இல் அனுப்பியபோது இம்முறை பயன்பட்டது. அதற்கு முன்பே குறுந்தட்டு இதனை வீட்டுக் கூடத்திற்குக் கொண்டுவந்துவிட்டது.

தட்டில் ஒவ்வொரு 24 பைட் இசைக்கும் 8 பைட் துணை எண்கள் உண்டு. பைட் என்பது எட்டு இலக்கம் கொண்ட ஒரு சிறு கட்டு என்று மட்டும் கொள்ளுங்கள். அதோடு இன்னும் ஒரு தந்திரம் செய்தார்கள். அடுத்தடுத்த எண்களைத் தட்டில் அடுத்தடுத்து எழுதாமல், தொலைவில் பிரித்துப் பிரித்து எழுதினார்கள். ஊர்க் கோயிலின் நகைகளையெல்லாம் ஒரே பெட்டியில் வையாமல் பத்து வீடுகளில் பகிர்ந்து வைப்பதுபோல. ஒரு கீறல் ஓரிடத்தைக் கெடுத்தால், கெடுவது பல தொகுதிகளின் சிறு சிறு துணுக்குகளே. எந்தத் தொகுதியும் அடியோடு கெடாது. சுருளின் வழியே சுமார் இரண்டரை மில்லிமீட்டர் தொடர்ந்து அழிந்தாலும் அவ்வெண்களைப் பிழையின்றி மீட்டுவிட முடியும். தட்டைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்கவேண்டும் என்று சொல்லுவதன் காரணம் இதுதான். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதே கெடுக்கும். சுருளை ஒட்டி விழும் கீறல் ஒரே இடத்தில் நெடுந்தொலைவைக் கெடுத்துவிடும்.

மீட்க இயலாத அளவுக்குக் கேடு நேர்ந்தால்? அப்பொழுது கருவி இன்னொன்று செய்கிறது. காணாமற்போன மாதிரிக்கு முன்னுள்ள எண்ணையும் பின்னுள்ள எண்ணையும் பார்த்து, நடுவான ஓர் எண்ணைத் தானே இட்டு நிரப்பிவிடுகிறது. அதுவும் இயலாவிட்டால் அவ்விடத்தை ஓசையின்றி விட்டுவிடுகிறது. கேட்பவனுக்கு ஒன்றும் தெரிவதில்லை. பாட்டு இனிதே ஓடுகிறது. வீட்டில் அமர்ந்து பாட்டுக் கேட்பவனுக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால், மாணவர்களே, அந்த எண் தட்டில் இல்லாத எண். பாடியவர் பாடாத ஒலி. விட்டுப்போன விடையைத் தானே எழுதி நிரப்பி, நிரப்பினேன் என்று சொல்லாமல் தாளைக் கொடுக்கும் மாணவனை நாற்பதாண்டு பார்த்தவன் நான். அவன் எழுதியது பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பதுதான் அதிலுள்ள சங்கடம்.

குறுந்தட்டு பாட்டுக் கேட்பதற்காகவே பிறந்தது. சில ஆண்டுகளில் அதில் நூல்களையும் கணினிச் செய்திகளையும் பதியலாம் என்னும் எண்ணம் எழுந்தது. 1983-இல் அதற்கெனத் தனி விதிகள் வகுக்கப்பெற்றன; அதன் பெயர் 'மஞ்சள் நூல்'. இசையில் ஓர் எண் மாறினால் காதுக்குத் தெரியாது. வங்கிக் கணக்கில் ஓர் எண் மாறினால் குடி முழுகும். ஆகவே மஞ்சள் நூல் வகுத்தவர்கள் இரண்டு காப்புக்களைச் சேர்த்தார்கள். தட்டில் வினாடிக்கு 75 பகுதிகள் உண்டு. ஒரு பகுதிக்கு 2,352 பைட். இசைத்தட்டில் அவ்வளவும் இசையே. கணினித் தட்டிலோ 2,048 பைட் மட்டுமே செய்தி. மீதி இடத்தில், பகுதி தொடங்குமிடத்தைக் காட்டும் குறியும், அப்பகுதியின் முகவரியும், பிழை நேர்ந்ததா என்று அறியும் எண்ணும், பிழையைத் திருத்தும் 276 பைட் துணை எண்களும் வைத்தார்கள். இதனால் கணினித் தட்டைப் படிக்கும் கருவி, 'இது இன்ன பகுதி, பிழையின்றிப் படித்தேன்' என்றோ, 'படிக்க இயலவில்லை' என்றோ ஒளிவின்றிச் சொல்லிவிடும்.

இசைத்தட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதிலும் நேரக் குறிப்பு ஒன்று இசையோடு ஒட்டிச் செல்லுகிறது. ஆனால் அது பாட்டு எத்தனை நிமிடம் ஓடியது என்று காட்டுவதற்குப் போதுமேயன்றி, இந்த மாதிரி இத்தனையாவது மாதிரி என்று துல்லியமாகச் சொல்லுவதற்குப் போதாது. பக்க எண் இல்லாத புத்தகத்தை மூடிவிட்டு, விட்ட இடத்தைத் திறக்க முயல்வதை எண்ணிக்கொள்ளுங்கள். கணினி சிறிது படிக்கும். படித்ததைச் சேமிப்பதற்காக நிற்கும். மீண்டும் படிக்கப் போகும்போது விட்ட சொல்லுக்கு இரண்டு சொல் முன்போ, இரண்டு சொல் பின்போ தொடங்கும். அவ்வொட்டு வாயில் பிறந்ததுதான் அந்த 'டிக்' ஓசை.

தொடக்கத்தில் கணினியில் தட்டைப் படிக்கும் கருவிகள் (அவற்றை 'டிரைவ்' என்று எல்லோரும் சொல்லுகிறார்கள், நாமும் அப்படியே சொல்லுவோம்) இசையின் எண்களைக் கணினிக்குக் கொடுக்கும் வழியே பலவற்றில் இல்லை. பாட்டைத் தாமே ஒலியாக்கி ஒரு கம்பி வழியாக அனுப்பும். அதனை மீண்டும் எண்ணாக்கிப் பதிந்துகொண்டார்கள். அது பிரசங்கத்தைக் கேட்டு எழுதுவது போன்றது. ஏட்டைப் பார்த்து எழுதுவதாகாது. நாளடைவில் எண்களையே கொடுக்கும் டிரைவுகள் வந்தன. இவ்வாறு எடுப்பதற்கு இளைஞர்கள் வைத்த பெயர் 'ரிப்' செய்தல். கிழித்தெடுத்தல் என்பது அச்சொல்லின் பொருள். முதற்காலத்து வேலையைப் பார்த்தால் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது.

இக்குறையைத் தீர்க்கப் பெரிய கம்பெனிகள் முன்வரவில்லை. தீர்த்தவர்கள் தம் சொந்த ஆர்வத்தால் உழைத்த சிலர். அமெரிக்கரான கிறிஸ்டோபர் மாண்ட்கோமரி 1990-களின் பிற்பகுதியில் 'சிடி பாரனோயா' என்னும் மென்பொருளை எழுதினார். எதையும் நம்பாத பித்து என்பது அப்பெயரின் கருத்து. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் முன்பு படித்ததில் ஒரு பகுதியை மீண்டும் படித்து, இரண்டும் எங்கே ஒத்துப் பொருந்துகின்றனவோ அங்கே ஒட்டுவது அதன் முறை. 1998-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆண்ட்ரே வீட்ஹோஃப் 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' என்னும் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அன்றிருந்த மென்பொருள்கள் ஒட்டுவாயை மட்டும் சரிசெய்தன; கீறல் விழுந்த தட்டில் வரும் பிழையை அவை கண்டுகொள்ளவில்லை. அக்குறையே அவரைத் தூண்டிற்று.

அவர் கையாண்ட வழி எளியது, ஆனால் பொறுமை மிக்கது. ஒவ்வொரு பகுதியையும் இருமுறை படிப்பது. இரண்டும் ஒத்தால் மேலே செல்லுவது. ஒவ்வாவிடில் அதே பகுதியைப் பதினாறு முறை படித்து, எட்டு முறையாவது ஒரே விடை வருகிறதா என்று பார்ப்பது. வராவிடில் மீண்டும் பதினாறு. மிக மோசமான இடத்தை 82 முறை வரையிலும் படிக்கும். ஒரு மணி நேரத் தட்டைப் படியெடுக்கச் சில வேளை பல மணி நேரம் ஆவதுண்டு. அப்படியும் உறுதிப்படாத இடம் இருந்தால், 'இன்ன பாட்டில், இத்தனையாவது நிமிடத்தில், ஐயத்திற்குரிய இடம் உள்ளது' என்று குறித்துவிடும். டிரைவு மறைத்ததை மென்பொருள் வெளியிற் சொல்லிற்று. இவ்வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

இதிலும் ஒரு வஞ்சகம் இருந்தது. டிரைவுகள் தாம் படித்ததைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும் இயல்புடையவை. 'மறுபடியும் படி' என்று கணினி சொன்னால், தட்டைப் பாராமலே நினைவிலுள்ளதை எடுத்து நீட்டிவிடும். இரண்டு விடையும் ஒத்துவிடும். ஆனால் அந்த ஒப்புக்கு மதிப்பு ஏது? ஒரே பெஞ்சியில் அமர்ந்த இரு மாணவர்கள் ஒரே விடையை எழுதியிருந்தால் அது விடை சரி என்பதற்குச் சான்றாகாது. ஆகவே நடுவே தட்டின் வேறு பகுதிகளைப் படிக்கச் செய்து, அந்நினைவை அகற்றிவிட்டு, பிறகே மறுமுறை கேட்கும்படி மென்பொருளைத் திருத்தி அமைத்தார்கள்.

இன்னும் ஒரு படி மீதியிருந்தது. ஒரு தட்டில் ஓரிடம் கெட்டு, ஒரு டிரைவு அதனை எண்பது முறையும் ஒரே மாதிரித் தவறாகவே படிக்குமானால் என் செய்வது? அவ்வாறும் நேரும். அத்தட்டையும் அந்த டிரைவையும் வைத்துக்கொண்டு எத்தனை முறை முயன்றாலும் உண்மை விளங்காது. வேறொருவருடைய தட்டு வேண்டும். வேறொரு டிரைவு வேண்டும். உ. வே. சாமிநாதையர் ஒரே ஏட்டைப் பலமுறை படித்ததனால் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிடவில்லை. பல ஊர்ச் சுவடிகளை வருவித்து ஒப்பு நோக்கியதனால் அச்சிட்டார். அது போன்ற ஒப்புநோக்கே இங்கும் வேண்டியதாயிற்று.

2000-க்குப் பிற்பட்ட முதற்சில ஆண்டுகளில் இங்கிலாந்திலுள்ள இல்லஸ்ட்ரேட் என்னும் கம்பெனியார் 'அக்யூரேட் ரிப்' என்னும் தொகுப்பைத் தொடங்கினர். ஒருவர் ஒரு பாட்டைப் படியெடுத்ததும் அப்பாட்டின் எண்கள் முழுவதையும் கொண்டு ஒரு சரிபார்ப்பெண் கணக்கிடப்படும். பாட்டை அனுப்பவேண்டுவதில்லை, அந்தச் சிறிய எண்ணை மட்டும் இணையத்தின் வழியே அனுப்பினாற் போதும். அதே தட்டைப் படியெடுத்த பிறருடைய சரிபார்ப்பெண்களோடு அது ஒப்பிடப்படும். லண்டனில் ஒருவர், டோக்கியோவில் ஒருவர், ஒருவரையொருவர் அறியாதவர். தட்டு வேறு, டிரைவு வேறு, கீறல் வேறு. அவ்வாறிருக்க இருவருக்கும் ஒரே எண் வந்தால், இருவரும் ஒரே வகையில் தவறியிருப்பார்கள் என்று நினைக்க இடமில்லை. இவர்கள் ஒரே பெஞ்சியில் அமர்ந்தவர்கள் அல்லர்.

ஆனால் ஒப்பிடுவதற்குமுன் ஒன்று செய்யவேண்டியிருந்தது. முகவரி துல்லியமாக இல்லாமையால் ஒவ்வொரு வகை டிரைவும் பாட்டின் தொடக்கத்தைச் சற்றே தள்ளிக் காட்டும். சில வகைகளுக்கு ஆறு மாதிரித் திருத்தம் வேண்டும், சிலவற்றுக்கு 102, சிலவற்றுக்கு 667. ஒரு வகை டிரைவுக்கு இது மாறாத அளவு. வினாடியில் அறுபதில் ஒரு பங்குகூட ஆகாத இவ்விலகல் செவிக்குப் புலப்படாது; ஆயினும் ஒரே ஒரு மாதிரி தள்ளினாலும் சரிபார்ப்பெண் முற்றும் மாறிவிடும். எனவே ஒவ்வொரு டிரைவின் விலகலையும் அளந்து பட்டியலிட்டார்கள். அளப்பதற்குப் பூஜ்யம் என்று ஒன்று வேண்டுமே? வீட்ஹோஃப் தொடக்கத்தில் வகுத்துக்கொண்ட அளவையே பூஜ்யமாகக் கொண்டனர். பின்னாளில் ஆராய்ந்தவர்கள் அந்தப் பூஜ்யமே உண்மையான இடத்திலிருந்து முப்பது மாதிரி விலகியிருப்பதாகக் கண்டார்கள். என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றும் செய்யவில்லை. எல்லோரும் அதனையே வைத்துக் கணக்கிட்டுவிட்டதால் அதுவே நிலைத்துவிட்டது. முப்பது மாதிரி என்பது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கும் ஆகாது.

முதலில் வகுத்த சரிபார்ப்பெண்ணிலும் ஒரு குறை இருந்தது. ஒலியின் எண்களில் ஒரு சிறு பகுதி கணக்கிற் சேராமல் விடுபட்டிருந்தது. பயன்படுத்தியவர்களே அதனைக் கண்டு சொன்னார்கள். இரண்டாம் முறை வகுக்கப்பட்டது. இவற்றோடு, 'கியூ டூல்ஸ்' என்னும் மென்பொருளைச் சார்ந்து இன்னொரு தொகுப்பும் தோன்றிற்று. அது சரிபார்ப்பதோடு நில்லாமல், கெட்ட இடங்களைத் திருத்திக்கொள்ளத்தக்க துணை எண்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. ஒருவருடைய தட்டில் சிதைந்துபோன சில எண்களை, முன்பின் அறியாத ஒருவருடைய நல்ல தட்டிலிருந்து பெற்ற துணை எண்களால் மீட்டுவிடலாம். அங்கே கையாளப்படும் கணிதம் ரீட், சாலமன் இருவரும் 1960-இல் எழுதிய அதே கணிதம்.

எடுத்த எண்களை எவ்வாறு வைத்துக்கொள்ளுவது என்பது வேறொரு கதை, சுருக்கமாகச் சொல்லுகிறேன். 74 நிமிடத் தட்டு 78 கோடியே 32 இலட்சத்துச் சொச்சம் பைட் கொண்டது. 1990-களில் பலருடைய கணினிகளில் இரண்டு தட்டுக்கூட அடங்காது. ஆகவே, செவி உணராது என்று கருதப்பட்ட ஒலிகளைக் கழித்துச் சுருக்கும் 'எம்பி3' முறை பரவிற்று. கழித்தது கழித்ததுதான், திரும்பாது. இழப்பின்றிச் சுருக்கும் வழி வேறு. அடுத்த மாதிரி எவ்வளவு இருக்கும் என்று முன்னுள்ள மாதிரிகளைக் கொண்டு கணித்து, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வேற்றுமையை மட்டும் எழுதி வைப்பது அது. வேற்றுமை சிறிய எண்ணாகையால் குறைந்த இடத்தில் அடங்கும். விரிக்கும்போது ஓர் எண்கூடப் பிசகாமல் மூலம் கிடைத்துவிடும். இங்கும் கருவி ஊகிக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆனால் ஊகம் எவ்வளவு தவறியது என்பதையும் உடன் எழுதி வைக்கிறது. 1990-களின் முற்பகுதியில் கேம்பிரிட்ஜில் டோனி ராபின்சன் 'ஷார்ட்டன்' என்னும் முறையை இவ்வழியில் அமைத்தார். ஜாஷ் கோல்சன் 2000-இல் தொடங்கிய 'ஃபிளாக்' 2001 ஜூலையில் முழுமை பெற்றது. யாவரும் விலையின்றிக் கையாளலாம். தட்டின் அளவில் ஏறத்தாழப் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் அடங்கும். மூல எண்களின் சரிபார்ப்பு முத்திரை ஒன்றும் கோப்பின் தலைப்பிலேயே இருப்பதால், ஆண்டுகள் பல கழிந்தபின்னும் கோப்பு கெட்டதா இல்லையா என்று தனக்குத்தானே சொல்லும். 2024 டிசம்பரில் இம்முறை இணையப் பொதுவிதிகளுள் ஒன்றாக வெளியிடப்பெற்றது.

இடையில் ஓர் அவலம் நிகழ்ந்தது. படியெடுப்பதைத் தடுக்க வேண்டி, 2001-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சில இசைக் கம்பெனிகள் தட்டுகளில் வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்தி விற்றன. வீட்டுக் கருவி இடைமதிப்பை இட்டு நிரப்பிப் பாடிவிடும். கணினி தடுமாறும் என்பது அவர்கள் எண்ணம். காசு கொடுத்து வாங்கினவன் பிறக்கும்போதே கீறல் விழுந்த தட்டை வாங்கினான் என்று சொல்லவேண்டும். அத்தகைய தட்டுகளுக்குக் 'குறுந்தட்டு' என்னும் முத்திரை இடலாகாது என்று பிலிப்ஸ் கம்பெனியாரே 2002-இல் சொல்லிவிட்டனர். அதே ஆண்டு, ஒரு வகைத் தடையைத் தட்டின் விளிம்பில் மைப் பேனாவால் ஒரு கோடிட்டே நீக்கிவிடலாம் என்று கண்டுபிடித்துச் சிரித்தார்கள். 2005 அக்டோபர் 31 அன்று மார்க் ரஸ்ஸினோவிச் என்னும் கணினி அறிஞர், ஸோனி பிஎம்ஜி வெளியிட்ட சில தட்டுகள் வாங்கினவருடைய கணினியில் மறைவாக ஒரு மென்பொருளை நிறுவிவிடுவதை வெளிப்படுத்தினார். அடுத்த மாதமே அத்தட்டுகளைத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று.

இத்தனை பாடு எதற்கு, தட்டுதான் கையில் இருக்கிறதே என்று கேட்கலாம். தட்டு என்றும் இருப்பதன்று. ஒளியை எதிரொளிக்கும் அலுமினியப் பூச்சு, பெயர் அச்சிட்ட பக்கத்தில் மெல்லிய மெழுகெண்ணெய்ப் பூச்சின் கீழேயே இருக்கிறது. நாம் அஞ்சிக் காக்கும் அடிப்பக்கத்தைவிட, அஞ்சாமல் எழுதும் மேற்பக்கமே மென்மையானது. இங்கிலாந்தில் பிளாக்பர்ன் நகர ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான தட்டுகளில் பல, உறைக் காகிதத்திலுள்ள கந்தகம் பூச்சைத் தாக்கியதால், விளிம்பிலிருந்து செம்பழுப்பு நிறம் ஏறிப் படிக்க முடியாமற் போயின. அவற்றுள் மறுபதிப்புக் காணாத இசையும் உண்டு. அத்தகைய தட்டை இன்றைக்கு ஒருவர் டிரைவில் இடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு கெட்டிருப்பதால் முதற்பாட்டுக்கள் விரைந்து வந்துவிடும். சுருள் உள்ளிருந்து வெளியே செல்லுவதன்றோ? இறுதிப் பாட்டை எட்டும்போது டிரைவு முனகும், வேகம் தணியும், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும். அரைமணி கழித்து, பதினோராம் பாட்டில் நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடியில் ஒரு பகுதி உறுதிப்படவில்லை என்னும் ஒரு வரியைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, மென்பொருள் அடுத்த பகுதிக்குச் செல்லும்.